நாங்கள் உன்னைப் பார்க்கவில்லை

என் மகனுக்கு உன் அப்பன் எழுதுவது. சிரிக்காதே. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டருக்குப் பிறகு நான் எதையும் முழுசாக எழுதி முடித்ததில்லை. அந்த லெட்டரில் இருந்த காய்ச்சலும் பொய்தான். நீ இப்போது வடக்கே போகும் ரயிலில் இருக்கிறாய். காலையிலிருந்து போன் அடிக்கிறேன், டவர் கிடைக்கவில்லை. ஒரு தடவை கிடைத்தது. "இன்னாப்பா?" என்றாய். "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் அப்பன் வாய்க்கு மரக்காணம் பஸ் ஸ்டாண்டே பயப்படும். எந்த வீட்டில் எந்த மருமகள் கோபித்துக்கொண்டு கிளியனூருக்குப் போனாள் என்பது அவள் கிளியனூரில் இறங்குவதற்கு முன்பே என் செல்போன் கடையில் தெரிந்துவிடும். ஆனால் சொந்தப் பிள்ளையிடம் தேவையான ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லப்போனால் தொண்டையில் மீன் முள். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, ஒரு பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டப்போகிறேன். ஊரே சேர்ந்து சொன்ன பொய்யை ஊருக்கு முன்னால்தான் திரும்ப வாங்கணும் என்கிறான் உன் மாமன் அய்யனார். அவன் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும்.

மாசி மாதம் நீ எங்கள் தலைக்கு மேலே பறந்து போனாயே, அதைப் பற்றித்தான். முதல் நாள் போன் செய்து, "அப்பா, நாளைக்கு காலைல சென்னைலருந்து புதுச்சேரிக்கு வண்டிய எடுத்துனு போறேன். நம்ம உப்பளத்து மேல வருவேன். றெக்கைய ஆட்டிக் காட்றேன், எல்லாரும் வந்து நில்லுங்க" என்றாய். ஆறு பேர் உட்காரும் சின்ன விமானத்தை நீ எப்போதும் வண்டி என்றுதான் சொல்வாய். எனக்கும் அது பிடிக்கும், ஏதோ ஷேர் ஆட்டோ மாதிரி ஒரு தைரியம் வரும். நான் விஷயத்தை ரகசியம் என்று சொல்லித்தான் நாலு பேரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் வேகமாகப் பரவும். மறுநாள் விடிந்தும் விடியாமலும் உப்பளத்து வரப்பில் கூட்டம். உன் அம்மா பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, உப்புச் சேற்றில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மாமனை ஒரு பைக்கின் பின்னால் உட்காரவைத்து, ஊன்றுகோலோடு கொண்டுவந்து இறக்கினோம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, உப்புக் குவியலை மூடும் நீலத் தார்ப்பாயை வரப்பில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார்கள், உன் கண்ணுக்கு அடையாளம் தெரியட்டும் என்று.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அன்றைக்கு அது எங்கள் மண்டையையும் துளைத்தது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் நாங்கள். என்னிடம் நீ போட்டுக்கொடுத்த ஆப் இருக்கிறதே, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுவது, அதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறத்தில் குட்டி விமானம் கடற்கரையை ஒட்டி இறங்கி வந்தது. "வர்றான், வர்றான், இதோ வந்துட்டான்!" என்றேன். படத்தில் நீ சரியாக உப்பளத்துக்கு மேலே வந்துவிட்டாய், என் தலை மயிரை எண்ணிவிடலாம் போல அவ்வளவு நேராக. எல்லோரும் அண்ணாந்து கையை ஆட்டினோம். வானத்தில் ஒன்றுமே இல்லை. சத்தம் மட்டும் எங்கோ மேற்கில் கேட்டது. உன் மாமன் ஊன்றுகோலால் என் முழங்காலில் தட்டி, "யோவ் மாப்ள, போனப் பாக்காத, மேக்கால பாரு. புள்ள கழுவெளி மேல போறான்யா" என்றான். பார்த்தேன். பனி கொஞ்சம் கிழிந்த இடத்தில், வெகு தொலைவில், ஏரிக்கு மேலே ஒரு புள்ளி. அது ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. எங்கிருந்தோ குளிருக்குப் பயந்து கழுவெளிக்கு வந்து தங்கியிருக்கும் பறவைகளுக்கு நீ றெக்கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாய்.

கொஞ்ச நேரத்தில் புதுச்சேரியிலிருந்து நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பா! பாத்தியாப்பா? நேரா உங்க மேலதான வந்தேன்?" அந்தக் குரலை நீ கேட்டிருக்க மாட்டாய், நான் கேட்டேன். பத்தாவது பாஸான அன்றைக்கு வந்த குரல். அதற்குப் போய், இல்லடா, நீ கழுவெளி மேலே போனாய் என்று எந்த அப்பன் சொல்வான்? "பாத்தோண்டா! நேரா மண்டைக்கு மேல! சூப்பர்டா!" என்றேன். நான் ஆரம்பித்ததும் உப்பளத்துப் பெண்கள் அத்தனை பேரும் போனைச் சுற்றிக்கொண்டு, "பாத்தோம் கண்ணு, பாத்தோம்! எம்மாம் அழகா ஆட்டின!" என்று ஒரே கூச்சல். நீ விடவில்லை, மறுபடியும் கேட்டாய், "கரெக்டா மேலயாப்பா?" கரெக்டாக மேலேதான் என்றேன். "நானும் பாத்தேன்பா, அம்மா பச்சப் புடவ கட்டினு கைய ஆட்டினாங்க இல்ல?" என்றாய். உன் அம்மா கட்டியிருந்தது அரக்கு. அவள் குனிந்து தன் புடவையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்து, "ஆமாங் கண்ணு, பச்சதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டேய், நாம் எல்லோரும் ஒரே குடும்பம்தான், சந்தேகமே வேண்டாம். நீயும் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் உன்னைப் பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் மனசு கோணக்கூடாது என்று இரண்டு பக்கமும் பொய் சொன்னோம். எந்தப் பக்கமாகடா வந்தே என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் நீ, "எண்ணெ போட்டுனு திரும்பக் கெளம்பணும்பா" என்று சொல்லிவிட்டாய், உன் அம்மா என் கையைக் கிள்ளிவிட்டாள். கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. நம் வீட்டில் அந்தச் சட்டத்துக்கு உன் அம்மாதான் போலீஸ்.

அந்த வரப்பில் ஒருவன் மட்டும் பொய்யில் சேரவில்லை. திரும்பி வரும்போது உன் மாமன் கேட்டான், "எதுக்கு மாப்ள பொய் சொன்ன?" "வுடு மச்சான், புள்ள சந்தோஷமா இருக்கான்." "ஏழுமலையுந்தான் சந்தோஷமா இருந்தான்" என்றான். ஏழுமலை கதை உனக்குத் தெரியும், ஆனால் ஹாஸ்டலில் இருந்தாய், அரைகுறையாகத்தான் தெரியும். கடலுக்குள் மீன் தங்குகிற பாறைகள் எங்கே என்று கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். பெட்டியில் பாயிண்ட் போட்டு வைத்துக்கொள்வார்கள். அடுத்தவன் வந்து அந்தப் பாயிண்ட்டைக் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, பங்காளி. கொடுக்கவும் மனசு வராது, மீன். அதனால் கொஞ்சம் தள்ளி மாற்றி வைத்துக் கொடுப்பார்கள். குழம்புப் பக்குவம் கேட்கும் மருமகளுக்கு ஒரு சாமானை மட்டும் சொல்லாமல் விடும் மாமியார் மாதிரி. நம் கரையில் அது பாவமே இல்லை, சாமர்த்தியம். உன் மாமனும் அப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தான். அவசரத்தில் பாறைகளோடு சேர்த்து, படகு கரைக்கு வரும் முகத்துவாரத்தின் பாயிண்ட்டையும் தள்ளிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரன் கண் அடையாளம் பார்த்தே கரைக்கு வருகிறவன், அவனுக்கு அது தெரியவே இல்லை. பல மாதம் கழித்து, மாமனுடைய பெட்டி உப்புத் தண்ணீர் ஏறிச் செத்துப்போனது. அதை என் கடையில்தான் ரிப்பேருக்குக் கொடுத்தான். நான் வழக்கம் போல நாளைக்கு, நாளைக்கு என்றேன். சரி என்று பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனான். தான் சொன்ன பொய்யைத் தானே இரவல் வாங்கிக்கொண்டு போனான். திரும்பும்போது இதே மாதிரிப் பனி. அலைச் சத்தத்தைக் கேட்டு, மாமனோடு படகில் போயிருந்த ஏழுமலை, "அண்ணே, சத்தம் சரியில்லண்ணே" என்றானாம். "மெஷினு சொல்லுதுடா" என்றானாம் மாமன். மெஷின் சொன்ன இடத்தில் முகத்துவாரம் இல்லை, மணல்திட்டு இருந்தது. படகு புரண்டது. மாமன் ஒரு காலோடு கரைக்கு வந்தான். ஏழுமலை வரவில்லை.

வடக்கே மலைப்பக்கம் விமானம் ஓட்டப் போவதற்கு முன்னால் நீ ஊருக்கு வந்துபோன கதைக்கு இப்போது வருகிறேன். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் உன் அம்மா, "இந்த ஏரோப்ளேன்ல வழி எப்டி கண்ணு தெரியுது?" என்று கேட்டதும் நீ அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பே நடத்தினாய். இது வண்டி, இந்தச் சோற்றுப் பருக்கைகள் சாட்டிலைட். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் ரொம்ப மெலிசு, தரையிலிருந்து எவனாவது கொஞ்சம் பலமாகச் சிக்னல் விட்டால் அது அமுங்கிப்போகும் என்றாய். அமுங்கினால் கூடப் பரவாயில்லை, ஸ்க்ரீனில் சிவப்பு எழுத்து வரும். ஆனால் சாட்டிலைட் மாதிரியே குரலை மாற்றிப் பொய் சிக்னல் விட்டால் ஸ்க்ரீன் எதுவும் சொல்லாது, அழகாகப் படம் காட்டிக்கொண்டே உன்னை வேறு எங்கேயோ நிறுத்தும் என்றாய். எல்லைப் பக்கத்தில் இது இப்போது சகஜம் என்றாய், ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்பது மாதிரி. பெரிய விமானங்களில் சாட்டிலைட்டைக் கேட்காமல் தானே கணக்குப் போடும் கருவி உண்டு, நம்ம வண்டியில் கிடையாது. பழைய முள் கருவிகளைக் கழற்றிவிட்டுப் புது ஸ்க்ரீன் வைத்திருக்கிறார்கள், இரண்டு ஸ்க்ரீனும் மடியில் வைக்கும் டேப்லெட்டும் ஒரே ஆன்டெனாவிலிருந்துதான் தின்கின்றன. பாக்கி இருப்பது ஒரு காம்பஸ். இதையெல்லாம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குக் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் நினைவுக்கு வந்தார். வளைகுடாவில் இருக்கும் அவர் தம்பி வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது போன் அவனை ஏர்போர்ட்டில் காட்டுகிறதாம். "போன்ல இன்னா கோளாறுங்க?" என்று என்னிடம் வந்து கேட்டார். "போன் நல்லாத்தான் பாய் இருக்குது, பிரியாணிதான் அவ்ளோ தூரம் மணக்குது" என்று நான் சொல்லி, கடையே சிரித்தது. நேற்று அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

அதற்கு அப்புறம்தான் நீ அதைச் சொன்னாய். ரசம் ஊற்றிக்கொண்டே, ஒன்றுமே இல்லாத விஷயம் மாதிரி. "உப்பளத்து மேல வந்த அன்னிக்கு காம்பஸ் ஒண்ணு சொல்லுச்சு, ஸ்க்ரீன் ஒண்ணு சொல்லுச்சும்மா. எனக்குக் கொஞ்சம் டவுட்டு. ஸ்க்ரீன் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடலாமான்னு பாத்தேன். அப்பறம் அப்பா கரெக்டா மேலதான் வந்தேன்னு சொன்னாரு இல்ல, ரைட்டு, ஸ்க்ரீன் ஓகே, காம்பஸ்தான் பழசுன்னு வுட்டுட்டேன். இப்ப அங்க ஓட்டப்போறதும் அதே வண்டிதான்." உன் அம்மா என்னைப் பார்க்காமல் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அன்றைக்குப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டது பாராட்டு வாங்குவதற்காக என்று நினைத்தேனடா. நீ சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஸ்க்ரீனை நம்பாமல், கீழே நிற்கிற ஒரு மனுஷனைக் கேட்டிருக்கிறாய். படித்த பிள்ளை செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தாய். நான்தான் ஸ்க்ரீன் சொன்ன பொய்யையே என் குரலில் திருப்பிச் சொன்னேன். அந்த ஆப்கூட விமானம் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே திருப்பிக் காட்டுவதுதான் என்று நேற்று நீயே சொன்னாய். நானும் அந்த ஆப்பும் ஒன்று. உப்பளத்தில் எந்தக் கெட்டவனும் பொய் சிக்னல் விட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன், ஆன்டெனாவில் கோளாறோ, பெட்டியிலேயே கோளாறோ, எனக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதே இல்லை, நாங்கள் அத்தனை பேர் வரிசையாகத் தார்ப்பாய் விரித்துக்கொண்டு நின்றோம்.

சாப்பாட்டிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். காலையில் நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய், உன் அம்மா விபூதி பூசினாள், நான் எப்படியோ, "டேய், அன்னிக்கு நீ எங்க..." என்று ஆரம்பித்தேன். "வாய மூடுங்க! கெளம்பற புள்ளயப் பாத்து எங்கன்னு கேக்கறீங்க? அறிவிருக்குதா?" என்று அவள் பாய்ந்தாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்கு எப்போதும் இப்படித்தான் உதவியிருக்கிறது, வர வேண்டிய வார்த்தையின் குறுக்கே வந்து நின்றுகொள்ளும். பஸ் கிளம்பிய பிறகு கடைக்கு வந்தேன். மாமன் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "சொன்னியா?" "இல்ல." "நானும் ஏழுமலைகிட்ட சத்தம் சரியில்லதான்டான்னு சொல்லியிருக்கலாம் மாப்ள. எனக்கும் அப்டிதான் கேட்டுச்சு. கவுரத பாத்து வுட்டுட்டேன்." இத்தனை வருஷத்தில் அவன் இதை என்னிடம் சொன்னதில்லை. பிறகு எழுந்து, ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பையனை, "போடா, கடை லீவு" என்று விரட்டிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆகையால் இப்போது சொல்கிறேன். நீ எங்கள் மேல் வரவில்லை. மேற்கே, கழுவெளிக்கு மேலே போனாய். வற்றிக்கொண்டிருந்த ஏரியின் வெள்ளைக் கரையைப் பனியில் உப்பளம் என்று நினைத்துவிட்டாய். உன் காம்பஸ் சொன்னதுதான் சரியாக இருந்திருக்க வேண்டும், ஸ்க்ரீன் தப்பு. அந்த விமானம் உனக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறது என்றாய். அதில் ஏறுவதற்கு முன்னால் இதை உன் இன்ஜினியரிடம் காட்டு. இந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். கீழே நின்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடத் தயார், உப்பளத்துப் பெண்களிடம் மாமன் கேட்டுவிட்டான். அவர்களில் ஒருத்தி, "அய்யோ, நாங்க சொன்னத வெச்சியாண்ணே புள்ள ஏரோப்ளேன் ஓட்டுது?" என்று உப்பு மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம். சாட்டிலைட்டைக் கேட்காத ஏதாவது ஒரு கருவியை அதில் வைக்கச் சொல். அது வரைக்கும் முடியாது என்று சொல். உன் முதலாளி, இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பார். ஏழுமலைக்கும் அன்றைக்குக் காலை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே வழி தப்பினால் கீழே சேறும் தண்ணீரும். நீ போகிற இடத்தில் மேகத்துக்குள் மலை இருக்கிறது. அங்கே றெக்கையை ஆட்டிக் காட்ட நேரம் இருக்காது.

முடியாது என்று சொன்னால் வேலை போகலாம். எனக்குத் தெரியும். நீ விமானம் ஓட்டப் படிப்பதற்கு இந்த வீடு என்னென்ன இழந்தது என்று கணக்குப் பார்க்க ஆரம்பிக்காதே, அந்தக் கணக்குதான் ஒருவனைக் கோளாறான வண்டியில் ஏற்றிவிடும். வீட்டுக்கு வா. கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார், ஊர் வம்பு இலவசம். வெளியே இப்படிச் சொல்கிறேனே தவிர, உள்ளே இரண்டு பயம் இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு, ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவ்வளவு பெரிசு பண்றியேப்பா என்று ஒதுக்கிவிடுவாயோ என்று ஒரு பயம். ஒதுக்காமல், இனி அப்பா சொல்வது எதையும் நம்ப முடியாது என்று முடிவு செய்துவிடுவாயோ என்று இன்னொரு பயம். முடிவு செய்தாலும் நியாயம்தான். ஒரு தடவை தப்பாகக் காட்டிய கருவியை யார் நம்புவார்கள்? என்னையும் கழற்றிப் பார், உள்ளே எங்கே உப்பு ஏறியிருக்கிறது என்று தேடு. அடித்துக் கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன், அந்த ஸ்க்ரீனைவிட அந்த ஒரு விஷயத்தில் நான் மேல்.

மாமனோடு வீட்டுக்கு வந்து, இதுவரைக்கும் எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள், "நான் கட்டினு இருந்தது அரக்கு. பச்ச இல்லன்னு நல்லா அழுத்தி எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். உள்ளே போனவள் திரும்பி வந்து, "இனிமே அவன் கெளம்பறப்ப நீங்க கேளுங்க. சகுனம் கெட்டா கெடட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு மாமன் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டான்.

அதனால் முதல் தடவையாகக் கேட்கிறேன். போனில் மேப்பைத் திறக்காதே. ஜன்னல் ஷட்டரைத் தூக்கு. வெளியே என்ன தெரிகிறது என்று பார். ஸ்டேஷன் பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைக் கேள், அவர் உன் அப்பன் இல்லை, உள்ளதைச் சொல்வார். பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

எங்கேடா இருக்கே?